நோரீன் வாங்கிய மெஷினும் டார்லா வாங்கிய மெஷினும்

பிப்ரவரி மாதம், மாமனார் லைலின் எண்பதாவது பிறந்தநாள் விருந்தில், ஊரே உட்கார்ந்திருந்த கூடத்தில், நோரீனின் மீன் நாறியது.

வடகோடியில் மீனை நம்பி வாழும் கெனாய் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் போதும், மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டாம். ஜூலையில் சிவப்பு சால்மன் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும்போது பிடித்து, கழுவி, கீறி, பையில் போட்டு, காற்றை உறிஞ்சி சீல் போட்டு, பெட்டி ஃப்ரீசரில் அடுக்கிவிட வேண்டும். அதுதான் அடுத்த ஜூலை வரைக்கும் சாப்பாடு. பிடிப்பதில் என்ன பெரிய சாமர்த்தியம்? முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் வளைய வலையை நீட்டிக்கொண்டு நின்றால் எந்த மடையனுக்கும் மீன் வந்து விழும். அதைப் பிப்ரவரியில் எடுத்து வாட்டும்போது நேற்றுப் பிடித்ததுபோல இருக்க வைப்பதில்தான் இருக்கிறது கெட்டிக்காரத்தனம். நோரீனின் பெயரே அதில்தான் நின்றது. கல்யாணமா, சாவா, தேவாலயத்து விருந்தா, "நோரீன் வீட்டு மீன் வருதா?" என்றுதான் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள், பெரிய படிப்பில்லை, பெரிய வீடில்லை. அந்த ஒரு பெயர்தான் அவளுடைய சொத்து.

அந்தச் சொத்துதான் அன்றைக்கு நாறியது. மீனின் ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, பழைய எண்ணெய் வாடை அடித்தது. ஒவ்வொருத்தரும் ஒரு வாய் வைத்துவிட்டு மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, அதன்மேல் காகிதக் கைத்துண்டைப் போட்டு மூடினார்கள். லைல் மட்டும் மருமகள் மனம் கோணக் கூடாதென்று தண்ணீரைக் குடித்துக் குடித்து முழுதையும் விழுங்கினார். அதைப் பார்த்துத்தான் நோரீனுக்கு நெஞ்சு வெடித்தது.

அப்போதுதான் டார்லா வாயைத் திறந்தாள். டார்லா நோரீனுக்கு ஓரகத்தி. நோரீனின் புருஷன் கர்ட்; கர்ட்டின் அண்ணன் டுவேன்; டுவேனின் பெண்டாட்டி இவள்.

"பாவம், விடுங்க," என்றாள் டார்லா, மேசைக்கு மேசை கேட்கும்படி. "மீன் பிடிக்கறது வேற, காப்பாத்தறது வேற. எல்லாருக்கும் கை வந்துடுமா?"

கூடம் சிரித்தது. கொல்லென்றுகூட இல்லை, வாய்க்குள் சிரிப்பு. அதுதான் இன்னும் மோசம்.

வீட்டுக்கு வந்ததும் நோரீன் கோட்டைக் கூடக் கழற்றாமல் ஃப்ரீசரைத் திறந்து பைகளையெல்லாம் கார் கொட்டகைத் தரையில் பரப்பினாள். மீனோடு ஒட்டியிருக்க வேண்டிய பைகள் எல்லாம் தொளதொளவென்று கிடந்தன. ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சீலில், இடது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, மயிரிழை அளவுக்கு ஒரு இடைவெளி. எல்லாப் பையிலும் அதே இடம். காற்றை உறிஞ்சிச் சீல் போடும் வேக்கும் மெஷினைத் திறந்தாள். சூடேறிப் பையை ஒட்டும் பட்டையின்மேல் ஒரு உறை இருக்கிறதே, அதே இடத்தில் அந்த உறையில் கத்தியால் சுரண்டிய கீறல்.

நோரீன் தன் மெஷினில் கத்தி வைத்தவளே இல்லை. போன ஜூன் மாதம் புகைபோட்ட மீனுக்கு வேண்டுமென்று டார்லா அந்த மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். உப்பும் சர்க்கரையும் சொட்டச் சொட்ட மீனைப் பையில் போட்டிருப்பாள், அது பட்டையில் பட்டுத் தீய்ந்திருக்கும், கத்தியை வைத்துச் சுரண்டியிருப்பாள். தன் பைகள் இளகியதையும் கண்டிப்பாகப் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு, மெஷினைப் பளபளவென்று துடைத்து, மேலே ஒரு பாட்டில் புளூபெர்ரி ஜாம் வைத்து, "தங்கமா ஓடுது நோரீன்!" என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனாள் படுபாவி.

மறுநாள் நோரீன் நேராக டார்லா வீட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"நான் குடுக்கறப்போ நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் டார்லா, நகத்தைப் பார்த்துக்கொண்டே. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கத்திய வச்சு சுரண்டினியா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"நீயே சுரண்டிட்டு மறந்திருப்ப. வயசாகுதில்ல."

இரண்டு பேருக்கும் ஒரே வயது!

வீட்டில் கர்ட் சமாதானம் சொல்லிப் பார்த்தான். "விடு நோரீன். மீன்தானே, போகட்டும். இந்த வருஷம் புதுசா பிடிச்சா போச்சு."

"மீன்தானேவா? உங்கப்பா தண்ணிய குடிச்சுக் குடிச்சு முழுங்கினார், பாத்தல்ல? அவ வாயாலயே சொல்லணும் கர்ட். எங்கிட்ட வந்து இல்ல, ஊருக்கு முன்னாடி. அது வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது."

நன்றாகத்தான் தூங்கினாள். ஆனால் கறுவிக்கொண்டே தூங்கினாள்.

பனி கரைய ஆரம்பித்ததும் ஹார்லனின் கடைக்கு நடையாய் நடந்தாள். ஆணி, வலை, ரப்பர் கால்சட்டை, வேக்கும் மெஷின் எல்லாம் விற்கும் கடை. மற்றவர்கள் போல மெஷினைத் தட்டிப் பார்த்து விலை கேட்டுவிட்டு வருகிறவளா அவள்? வீட்டிலிருந்து சில மீன் துண்டுகளைப் பனி கரைய விட்டு, ஈரம் சொட்டச் சொட்டப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனாள்.

"கடைக்குள்ள மீன் நாத்தம் அடிக்குது நோரீன்," என்று ஹார்லன் முனகினார்.

"எம்மேல ஏற்கெனவே அடிக்குது. எடுங்க அந்த மெஷின."

கடையில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று பார்ப்பதற்குச் சினிமா நடிகை மாதிரி. வெள்ளிப் பளபளப்பு, விரலால் தொட்டால் எரியும் பொத்தான்கள், கையோடு தூக்கிக்கொண்டு போகலாம். பையின் வாயை மட்டும் கவ்விக்கொண்டு காற்றை உறிஞ்சும். மாவு, பீன்ஸ், அரிசி என்று உலர்ந்த சாமான்களுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நோரீன் தன் ஈர மீனைப் போட்டாள். மெஷின் காற்றோடு சேர்த்து மீன் தண்ணீரையும் இழுத்தது. தண்ணீர் பையின் வாய்க்கு ஏறி, பட்டை சூடானபோது அந்த இடத்தில் சரியாக ஒட்டவில்லை. ஈரம் போக மீனை முதலில் அரைகுறையாக உறைய வைத்துவிட்டுப் போட்டால் அருமையாக ஒட்டும். நாலு மீன் பிடிக்கிறவனுக்கு அது சரி. ஜூலையில் மலை மாதிரி மீன் குவியும்போது எந்த ஃப்ரீசரில் இடமிருக்கிறது? இன்னும் நாலு பை போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்து, சூடாகிவிட்டது, கொஞ்சம் ஓய்வு கொடு என்றது மெஷின்.

மற்றது கறுப்பு இரும்புப் பெட்டி. படகு எஞ்சின் கனம். மூடியைத் திறந்து மீனோடு பையை உள்ளே படுக்க வைத்து மூட வேண்டும். பெட்டி முழுவதிலிருந்தும் காற்றை உறிஞ்சுவதால் பைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே இழுப்பு, தண்ணீர் வாய்க்கு ஏற வழியில்லை. சூப்பையே ஊற்றிச் சீல் போடலாம். இரண்டு வரி சீல். ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். பட்டை தேய்ந்தால் கழற்றி மாற்ற வேறு பட்டை கடையிலேயே இருந்தது. நோரீன் பை மேல் பையாகப் போட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீர் வாளியில் அமுக்கி, ஒரு குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. ஹார்லன் வைத்திருந்தது அந்த ஒன்றுதான். வாங்கினாள். பின்வாசல் வழியாகத் தார்ப்பாய் போட்டு மூடி வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

"எதுக்கு இந்த ஒளிவு மறைவு?" என்றார் ஹார்லன்.

"காரணமாத்தான். நீங்க பாட்டுக்கு ஏத்துங்க."

ஒரு வாரம் கழித்து நோரீன் அதே கடையில் பை ரோல் வாங்கிக்கொண்டிருந்தபோது, டார்லாவின் சிவப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. டார்லாவின் குணம் நோரீனுக்கு அத்துப்படி. நோரீன் திரைச்சீலை மாற்றினால் அவள் இன்னும் நீளமாய் மாற்றுவாள். நோரீன் நாய்க்குட்டி வாங்கினால் அவள் ஜாதி நாய் வாங்குவாள். நோரீன் கை வைத்த பொருள் தனக்குக் கிடைக்காமல் போனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. கதவு மணி அடித்ததும் நோரீன் திரும்பியே பார்க்காமல், வெள்ளி மெஷினைக் குழந்தையைத் தடவுவதுபோல் தடவினாள்.

"இதான் ஹார்லன், இதேதான்! இப்பேர்ப்பட்ட மெஷின நான் பாத்ததே இல்ல," என்றாள் கடையே கேட்கும்படி. "இருக்கறது இது ஒண்ணுதானே? எனக்குன்னு எடுத்து வைங்க. சனிக்கிழமை கர்ட்ட கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, சொல்லிட்டேன்."

ஹார்லன் வாயைப் பிளந்தார். பிறகு மூடிக்கொண்டார். விற்காமல் கிடக்கிற மெஷின் விற்றால் அவருக்குக் கசக்குமா என்ன?

சாயங்காலத்துக்குள் அந்த வெள்ளி மெஷின் டார்லா வீட்டுச் சமையலறையில் இருந்தது. மே மாதம் முழுக்க அவளுக்கு அதே பேச்சு. "நோரீன் எடுத்து வைக்கச் சொன்ன மெஷின்தான். நான் முந்திக்கிட்டேன். பாவம், அவ மொகத்துல ஈயாடல." கேள்விப்பட்டபோதெல்லாம் நோரீன் பெருமூச்சு விட்டு, உதட்டைக் கடித்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குத் திருவிழா.

ஜூலை வந்தது. ஆறு பொங்கியது போல மீன் ஏறியது. கடற்கரை முழுக்க வலைகளும் கூடாரங்களும், மீன் தலைக்காகக் காத்திருக்கும் கழுகுகளும். நோரீனும் கர்ட்டும் விடியற்காலை கடல் பொங்கும் ஓதத்தில் பிடித்துவிட்டு வந்து, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் கறுப்பு மெஷினில் போட்டு முடித்தார்கள். பைகள் மீனின் செதில் தடம் தெரிகிற அளவுக்கு இறுகி ஒட்டியிருந்தன. நோரீன் ஒரு பையை முத்தமிடாத குறை.

அப்போதுதான் சிவப்பு வண்டி அவள் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டிகள் அடுக்கடுக்காய். டார்லா இறங்கினாள். தலைமுடி பிரிந்து, முழங்கை வரைக்கும் மீன் வழுவழுப்பு. டுவேன் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மெஷின் நின்னுடுச்சு," என்றாள் டார்லா.

"எந்த மெஷின்? நான் ஆசப்பட்டேனே, அதுவா?"

டார்லா பல்லைக் கடித்தாள். "தண்ணிய இழுக்குது, ஒட்ட மாட்டேங்குது. செவப்பு வெளக்கு எரிஞ்சா அணையவே மாட்டேங்குது. கடையில வேற மெஷின் ஒண்ணு கூட இல்ல. எல்லார் வீட்டுலயும் அவங்கவங்க மீனே மலையா கெடக்கு. நோரீன், ஐஸ் கரையுது. இத்தன மீன் வீணாப் போச்சுன்னா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. கெனாயில் புருஷனை விட்டு ஓடினவளைக்கூட மன்னிப்பார்கள், பிடித்த மீனை அழுக விட்டவளை மன்னிக்க மாட்டார்கள். தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைக்கலாம்தான். ஆனால் நோரீனின் மீனைப் பார்த்துச் சிரித்த வாயை வைத்துக்கொண்டு, தாளில் சுற்றி வறண்டுபோன மீனை டார்லா எந்த முகத்தோடு பரிமாறுவாள்?

நோரீன் கதவு நிலையில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள். பிப்ரவரியிலிருந்து இந்த நிமிஷத்தை அவள் எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்! பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது.

"போட்டுத் தரேன்," என்றாள். "ஒரு தலை, ஒரு வால் வீணாகாம போட்டுத் தரேன். ஆனா மொதல்ல ஆறு மணிச் செய்தியில நீ செஞ்சத சொல்லணும்."

ஆறு மணிச் செய்தி உள்ளூர் ரேடியோவில் வருவது. விரிகுடாவுக்கு அக்கரையில் ஃபோன் வேலை செய்யாத மரவீடுகளில் இருப்பவர்களுக்காக ஆரம்பித்தது: 'சாமுக்கு, படகு வியாழக்கிழமை வரும், மாவு கொண்டுவரும்' என்பது மாதிரி. கானி என்கிற பெண்மணி வாசிப்பாள். யார் எதைச் சொன்னாலும் ஒரு எழுத்து மாற்றாமல் வாசிப்பாள். இக்கரையில் ஃபோன் உள்ளவர்களும் அதை ஒரு நாள் விடாமல் கேட்பார்கள். அடுத்த வீட்டுச் சங்கதி இலவசமாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்?

டார்லாவின் முகம் வெளுத்தது. "ரேடியோவுலயா? உனக்குப் பைத்தியமா?"

"கூடத்துல எல்லார் முன்னாடியும்தானே என்ன கேலி பண்ணின? அவங்க காதுல எல்லாம் ஒண்ணா விழணும்னா ரேடியோதான் சரி."

"நோரீன்," என்றான் கர்ட் பின்னாலிருந்து. "மீன் கெட்டுடும்."

"கெடட்டும். எம்பேரு கெட்டப்போ யாரு ஐஸ் வச்சீங்க?"

வண்டிக்குள்ளிருந்து டுவேன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "போய்ச் சொல்லித் தொலை டார்லா! உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்."

டார்லா ஓரகத்தியை ஏற இறங்கப் பார்த்தாள். உதடு துடித்தது, கண் கலங்கியது போலக்கூட இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள்.

"சரி. நடந்தத நடந்தபடி சொல்றேன். சொன்னா போட்டுத் தருவியா? சத்தியமா?"

"கேட்டு முடிச்ச நிமிஷம் மெஷின் ஓடும். சத்தியம்."

டுவேனும் கர்ட்டும் ஐஸ் பெட்டிகளை இறக்கியதும் டார்லா வண்டியை எடுத்துக்கொண்டு ரேடியோ நிலையத்துக்குப் போனாள். அவர்கள் இரண்டு பேரும் பெட்டிகளை உள்ளே சுமந்து வைத்தார்கள். சேதி கேள்விப்பட்டு லைல் தன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். டார்லா திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் கை கழுவும் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நோரீன் ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள்.

ஒரு படகுச் சேதி போயிற்று, ஒரு ஞானஸ்நானச் சேதி போயிற்று. பிறகு கானியின் கலகலப்பான குரல்:

"எல்லாருக்கும், டார்லாகிட்டேர்ந்து. போன வருஷம் நோரீனோட வேக்கும் மெஷின கத்தியால சுரண்டிக் கெடுத்தது நான்தான். கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சும் தொடச்சு வச்சுத் திருப்பிக் குடுத்தேன். லைல் பொறந்தநாள்ல மீன் நாறினதுக்கு நான்தான் காரணம். நோரீன் கைமேல ஒரு குத்தமும் இல்ல."

நோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். பிப்ரவரியிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அப்படியே கரைந்தது. லைல் கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தட்டிக் கொடுத்தார். "நான் அப்பவே நெனச்சேன்மா," என்றார். எவ்வளவு இனிப்பாக இருந்தது! இன்னொரு தடவை வாசிக்கச் சொல்ல முடியுமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"இருங்க, இன்னும் இருக்கு," என்றாள் கானி. காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இந்த வருஷம் நோரீன் தனக்கு நல்ல மெஷின ரகசியமா வாங்கி வச்சுக்கிட்டு, மீனுக்கு ஆகாதுன்னு தெரிஞ்ச மெஷின, இதான் ஒசத்தின்னு என் காதுபடச் சொல்லி என் தலையில கட்டினா. அவளும் தெரிஞ்சேதான் செஞ்சா. ஹார்லன் சாட்சி. எம்மீனுக்கு இன்னிக்கு அவதான் சீல் போட்டுத் தரா. நன்றி நோரீன். அடுத்த சேதி, ஸ்டெர்லிங் பக்கம் ஒரு பழுப்பு நாய்..."

கர்ட் ரேடியோவை அணைத்தான்.

"நடந்தத நடந்தபடி சொன்னேன்," என்றாள் டார்லா. "மெஷின் கேக்கப் போனப்போ ஹார்லன் எல்லாத்தையும் சொல்லிட்டார். நீ கடையில நடிச்சதுக்கு ஒரு வாரம் முன்னாடியே நல்லத வாங்கிட்டியாமே?"

"அடிப்பாவி!" என்றாள் நோரீன்.

லைல் அவள் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். கோபமாகக்கூட இல்லை, ஒரு மாதிரி களைப்பாக. "ஏம்மா," என்றார், "மீன வச்சா வெளையாடுவாங்க?"

பிப்ரவரியில் நாறியது மீன் மட்டும்தான், தன் பெயர் நாறியது இன்றைக்குத்தான் என்று நோரீனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"சத்தியம் பண்ணியிருக்க," என்று டுவேன் மெதுவாக நினைவுபடுத்தினான்.

நோரீன் மெஷினைப் போட்டாள். வேறென்ன செய்ய? டார்லா மீனைத் துடைத்துப் பையில் போட்டு நீட்டினாள், நோரீன் வாங்கி உள்ளே படுக்க வைத்து மூடியை அமுக்கினாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மெஷின் மட்டும் அருமையாக ஓடியது. பை மேல் பையாக, குமிழி இல்லாமல், தொய்வு இல்லாமல், ஊரிலேயே சிறந்த சீல். டார்லா ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து அடுக்கினாள். குறை சொல்ல அவளுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

சுவரிலிருந்த ஃபோன் அடித்தது. நோரீன்தான் பக்கத்தில் இருந்தாள், எடுத்தாள். பேசியது மேவிஸ். அந்த வசந்தத்தில்தான் புருஷனோடு ஊருக்குக் குடிவந்தவள். நோரீனோடு பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள்.

"நோரீன்! நாங்களும் இன்னிக்குத்தான் மொதமொதலா மீன் பிடிச்சோம்," என்றாள் மேவிஸ் உற்சாகமாக. "பக்கத்து வீட்டுல இன்னிக்கு மட்டும் சீல் போட்டுக் குடுத்துட்டாங்க. ஆனா அடுத்த வருஷத்துக்கு சொந்தமா ஒண்ணு வாங்கணும். எந்த மெஷின் வாங்கறதுன்னு உங்கிட்டதான் கேக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க..."

"சொல்றேன் மேவிஸ்," என்றாள் நோரீன் அவசரமாக. "நல்லா வெவரமா சொல்றேன். மீனுக்குன்னா..."

"இல்ல இல்ல," என்றாள் மேவிஸ். குரலில் ஒரு சங்கடம். "இப்பத்தான் ரேடியோ கேட்டேன். தப்பா நெனச்சுக்காத. டார்லா அங்கதானே இருக்காங்க? அவங்ககிட்ட குடேன், நான் அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

நோரீன் ஃபோனை மேல்துணியில் துடைத்துவிட்டு டார்லாவிடம் நீட்டினாள்.